தட்டிய கையோடு கேட்க வேண்டும்: பேஸ்மேக்கர் முனையில் தங்கிப்போகும் மிச்ச மின்னழுத்தம்

சமையலறையில் எவர்சில்வர் தட்டு ஒன்று கை நழுவிக் கீழே விழுந்தால் என்ன செய்வோம்? ஓடிப்போய் அதன் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்குவோம். விழுந்த சத்தம் அந்தக் கணத்திலேயே முடிந்துவிட்டது, ஆனாலும் தட்டு அதிர்ந்துகொண்டே இருக்கிறது. அது அடங்கும்வரை பக்கத்து அறையிலிருந்து யாராவது மெதுவாகக் கூப்பிட்டால் நம் காதில் விழாது. இதயத்தில் பொருத்தும் பேஸ்மேக்கருக்கும் ஏறக்குறைய இதே சிக்கல்தான். அது இதயத் தசையை மின்சாரத்தால் தட்டுகிறது, தட்டிய கையோடு "தசை பதில் சொன்னதா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. தட்டுவதும் அதே முனை, கேட்பதும் பெரும்பாலும் அதே முனை. தட்டின அதிர்வு இன்னும் அடங்கவில்லை. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று கணக்கு வைத்தால், ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் இந்தக் கூத்து நடக்கும்.

அந்த அதிர்வை எப்படி அடக்குகிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. மின்னியல் படிக்காதவர்களுக்கும் புரிய வேண்டும் என்று நினைத்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் படித்த வோல்ட், ஆம்பியர் மட்டும் கொஞ்சம் நினைவிருந்தால் போதும்.

முதலில் கருவி. காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் ஒரு சின்ன உலோகப் பெட்டி இருக்கும். அதற்குள் பேட்டரியும் சர்க்யூட்டும். அதிலிருந்து லீட் என்று சொல்லப்படும் மெல்லிய கம்பி, ரத்தக் குழாய் வழியாகவே இறங்கி இதயத்துக்குள் போய், அதன் நுனி தசையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அந்த நுனியைத்தான் முனை என்கிறேன், அதில் இருக்கும் உலோகப் பரப்பு சில சதுர மில்லிமீட்டர்தான். பெட்டி ஒரு துடிப்புக்குக் கொடுக்கும் மின்தட்டு உதாரணத்துக்கு 2.5 வோல்ட், 0.4 மில்லிசெகண்ட். ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்து அதில் ஒரு பங்கில் பாதிகூட இல்லை. அவ்வளவுதான் வேலை. மிச்ச நேரமெல்லாம் கருவி காது கொடுத்துக் காத்திருக்கிறது.

இப்போது உண்மையான விஷயத்துக்கு வருவோம். கம்பிக்குள் மின்சாரத்தைச் சுமப்பது எலக்ட்ரான். உடம்புக்குள் சுமப்பது அயனி, அதாவது சோடியம், பொட்டாசியம், குளோரைடு போன்று உப்பு நீரில் மிதக்கும் மின்னேற்றத் துகள்கள். எலக்ட்ரானால் உப்பு நீருக்குள் இறங்கி நடமாட முடியாது, அயனியால் உலோகத்துக்குள் நுழைய முடியாது. எல்லைச் சாவடியில் லாரி மாற்றிச் சரக்கு ஏற்றுவது போல, இந்த இடத்தில் மின்சாரம் கைமாற வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, அங்கே ஒரு வேதிவினை நடந்து எலக்ட்ரானை யாராவது வாங்கிக்கொள்வது. இதயத்துக்குள் அது நமக்கு வேண்டாம், உலோகம் அரிக்கும், திசு கெடும். இன்னொன்று, யாரும் எல்லை தாண்டாமலே வேலை நடப்பது. உலோகப் பக்கம் எலக்ட்ரான்கள் வந்து குவிகின்றன, அவற்றின் எதிர்மின்னூட்டத்தால் இழுக்கப்பட்டு மறுபக்கம் நேர்மின் அயனிகள் வந்து அணிவகுக்கின்றன. அயனிகள் நகர்ந்தாலே அது மின்னோட்டம்தானே, அந்த நகர்வு போதும் பக்கத்துத் தசையை உசுப்ப.

இப்படி உலோகத்தில் ஒரு வரிசை, நீரில் ஒரு வரிசை என்று இரண்டு அடுக்காக மின்னூட்டம் நிற்பதை 1853-லேயே ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கினார். இரட்டை அடுக்கு என்று பெயர். இரண்டு வரிசைக்கும் நடுவில் இடைவெளி ஒரு நானோமீட்டர் அளவில், சில சமயம் அதற்கும் குறைவு. எதிரெதிர் மின்னூட்டம், நடுவில் மெல்லிய இடைவெளி என்றால் அது என்ன? கெபாசிட்டர். யாரும் அங்கே கொண்டுபோய் வைக்காத ஒரு கெபாசிட்டர், உலோகமும் ஈரமும் சந்தித்ததாலேயே தானாக உருவாகி நிற்கிறது.

கெபாசிட்டருக்கு ஒரு குணம் உண்டு, ஏற்றிய மின்னூட்டத்தை வைத்துக்கொள்ளும். மின்தட்டு முடிந்துவிட்டது, பெட்டி வாயை மூடிவிட்டது, ஆனால் முனையில் குவிந்த கூட்டம் கலையவில்லை. கூட்டம் நிற்கும்வரை அங்கே ஒரு மின்னழுத்தமும் நிற்கிறது. இதைத்தான் தட்டுக்குப் பிந்தைய மிச்ச மின்னழுத்தம் என்கிறோம். மருத்துவமனைகளில் சுருக்கமாகப் போலரைசேஷன் என்று சொல்லிவிடுவார்கள்.

எவ்வளவு மிச்சம் இருக்கும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லீட், திசு எல்லாம் சேர்ந்து தடை 500 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 2.5 வோல்ட் கொடுத்தால் 5 மில்லி ஆம்பியர் ஓடும். 0.4 மில்லிசெகண்ட் ஓடினால் கடந்துபோன மின்னூட்டம் 2 மைக்ரோ கூலும். முனையின் கெபாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தை வாங்கி வைக்கும் கொள்ளளவு, 10 மைக்ரோ ஃபாரட் என்றால், 2-ஐ 10-ஆல் வகுக்க 0.2 வோல்ட், அதாவது 200 மில்லிவோல்ட் அங்கே ஏறி நிற்கும். சரி, நாம் கேட்க நினைக்கும் தசையின் பதில், அதாவது உசும்பிய தசை தானே எழுப்பும் மின்னழுத்தம், எவ்வளவு? சில மில்லிவோல்ட், நன்றாக இருந்தால் பத்து இருபது. அந்தப் பதிலும் தட்டிய சில பத்து மில்லிசெகண்டுக்குள் வந்து போய்விடும். மிச்ச மின்னழுத்தம் தானாக வடிய விட்டால் அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். பெரிய மலைச் சரிவின் மேல் ஒரு சின்ன மேடு, அதைக் கண்டுபிடி என்றால் எப்படி?

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். அவ்வளவு அவசரமாகக் கேட்டே ஆக வேண்டுமா, கொஞ்சம் பொறுத்துக் கேட்டால் ஆகாதா? இதயம் தானாக அடுத்த துடிப்பைத் துடிக்கிறதா என்று பார்ப்பதற்குத் தாராளமாகப் பொறுக்கலாம். கருவிகள் அப்படித்தான் செய்கின்றன. தட்டும்போதும் தட்டிய உடனேயும், கேட்கும் சின்ன மின்னழுத்தத்தைப் பெரிதாக்கிக் காட்டும் பெருக்கியைத் துண்டித்துக் காதைப் பொத்திக்கொள்ளும், அதற்குப் பிறகும் இருநூறு முந்நூறு மில்லிசெகண்ட் வரை கேட்டதைக் கணக்கில் எடுக்காது. 1958 அக்டோபரில் சுவீடனில் பொறியாளர் எல்ம்க்விஸ்ட் வடிவமைத்து அறுவை மருத்துவர் சென்னிங் பொருத்திய முதல் உள்வைப்புக் கருவிக்கு இந்தக் கவலையும் கிடையாது, அது எதையும் கேட்கவே கேட்காது, தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருக்கும். சில மணி நேரம்தான் ஓடியது. ஆனால் அதைப் பொருத்திக்கொண்ட ஆர்னே லார்சன் அடுத்தடுத்து 26 கருவிகள் மாற்றி, 2001 வரை வாழ்ந்தார், கருவியைச் செய்தவரையும் பொருத்தியவரையும் விட அதிக காலம். 1960-களின் நடுவில் இதயம் துடிக்காதபோது மட்டும் தட்டும் கருவிகள் வந்தன. அப்போதிலிருந்துதான் கேட்பது என்ற வேலையே பேஸ்மேக்கருக்கு ஆரம்பம்.

உடனே கேட்க வேண்டிய அவசியம் வேறொரு கேள்விக்காக வந்தது. நான் தட்டினேனே, அது பலித்ததா? தட்டு பலித்துத் தசை சுருங்குவதைக் கேப்சர் என்கிறார்கள். எத்தனை வோல்ட் இருந்தால் பலிக்கும் என்பது ஆளுக்கு ஆள் வேறு, ஒரே ஆளுக்கும் நாளுக்கு நாள் கொஞ்சம் வேறு. லீட் பொருத்திய முதல் சில வாரங்களில் முனையைச் சுற்றி வீக்கம் வந்து தேவை ஏறும், அப்புறம் இறங்கும். சில மருந்துகள், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இறங்குவது எல்லாம் மாற்றும். அதனால் ஒருவருக்கு ஒரு வோல்ட் போதும் என்றால் மருத்துவர் இரண்டு வோல்ட் அல்லது அதற்கும் மேல் வைப்பார். அது பாதுகாப்பு, ஆனால் பேட்டரிக்குச் செலவு. மேலே சொன்ன அதே 500 ஓமில், 2.5 வோல்ட் தட்டுக்கு 5 மைக்ரோ ஜூல் ஆகிறது. 1 வோல்ட்டுக்கு 0.8 தான். ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம். இதனால் பேட்டரி ஆறு மடங்கு நாள் வரும் என்று நினைத்துவிட வேண்டாம், சர்க்யூட் தன் பங்குக்கு எப்போதும் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். இருந்தாலும் மிச்சப்படுவது கணிசம்.

ஆக, கருவியே ஒவ்வொரு தட்டும் பலித்ததா என்று பார்த்து, தேவைக்கு மேல் ஒரு கால் வோல்ட் மட்டும் வைத்துக்கொண்டு, பலிக்காவிட்டால் ஒரு பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் பெரிய தட்டு ஒன்று கொடுத்தால்? இந்த எண்ணத்தோடுதான் 1990-களில் ஆட்டோகேப்சர் என்ற வசதி வந்தது. இதில் ஒரே ஒரு ஆபத்து. மிச்ச மின்னழுத்தத்தைத் தசையின் பதில் என்று கருவி தவறாக நினைத்துவிட்டால், தட்டு பலிக்காமலே "பலித்தது" என்று குறித்துக்கொண்டு அடுத்த துடிப்புக்குப் போய்விடும். தன் துடிப்பு முழுக்கக் கருவியை நம்பி இருக்கிறவருக்கு அது மயக்கம், அதற்கு மேலும் ஆகலாம். அதனால்தான் இந்தச் சில மில்லிவோல்ட் விவகாரத்துக்கு இத்தனை பேர் இத்தனை ஆண்டு மெனக்கெட்டிருக்கிறார்கள்.

எப்படி அடக்குவது? எனக்கு மிகவும் பிடித்த வழியை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் சிக்கலை வேரிலேயே பிடிப்பது அதுதான், மற்றவை எல்லாம் வந்த பிறகு சமாளிப்பது. ஒரு செம்பு தண்ணீரைச் சோதனைக் குழாயில் ஊற்றினால் கழுத்துவரை ஏறும், வழியும். அதே தண்ணீரை அண்டாவில் ஊற்றினால் அடி நனையும், அவ்வளவுதான். தண்ணீர்தான் மின்னூட்டம், ஏறும் மட்டம்தான் மின்னழுத்தம். 10 மைக்ரோ ஃபாரட் முனை 100 ஆகிவிட்டால், முன்பு 200 மில்லிவோல்ட் ஏறிய இடத்தில் இப்போது 20 தான் ஏறும். கெபாசிட்டன்ஸ் எதைப் பொறுத்தது? பரப்பளவை. அப்படியானால் முனையைப் பெரிதாகச் செய்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும்.

ஆனால் அங்கேதான் முட்டுக்கட்டை. முனை சிறிதாக இருக்க வேண்டும் என்பதற்கும் வலுவான காரணம் இருக்கிறது. சின்ன முனையில் மின்னோட்டம் நெருக்கமாக வெளிவருவதால் குறைந்த வோல்ட்டிலேயே தசை உசும்பும். கூடவே தடையும் அதிகமாக இருப்பதால் பேட்டரியிலிருந்து உறிஞ்சும் மின்னோட்டமும் குறைவு. பெரிதாக்கினால் இரண்டும் போய்விடும். சிறிதாகவும் இருக்க வேண்டும், பெரிதாகவும் இருக்க வேண்டும்.

இந்த முரண்பாட்டைத் தீர்த்த விதம் அழகானது. வெளி அளவைச் சிறிதாகவே வைத்துக்கொண்டு, மேற்பரப்பை மட்டும் சொரசொரப்பாக, மேடும் பள்ளமும், மேட்டுக்குள் மேடுமாக ஆக்கிவிட்டார்கள். பாலிஷ் செய்த பிளாட்டினம் முனை ஒரு கண்ணாடித் தரை மாதிரி. அதன் மேல் டைட்டானியம் நைட்ரைடு பூச்சை ஒரு குறிப்பிட்ட விதமாகப் படியவைத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் காலிஃபிளவர் தோட்டம் மாதிரி இருக்கும். ஒவ்வொரு பூவிலும் சின்னப் பூக்கள், அவற்றில் இன்னும் சின்னவை. பிளாட்டினத்தின் மேலேயே நுண்துகளாகப் பிளாட்டினம் படியவைப்பது, இரிடியம், இரிடியம் ஆக்சைடு பூச்சு, துளைகள் நிறைந்த கார்பன் என்று வேறு வழிகளும் உண்டு. இரிடியம் ஆக்சைடு இன்னொரு உபகாரமும் செய்கிறது, பூச்சுக்குள்ளேயே திரும்பவும் மீளக்கூடிய ஒரு வேதிமாற்றம் மூலம் கூடுதலாக மின்னூட்டத்தை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்கிறது, உலோகமும் கரைவதில்லை.

இதில் நுணுக்கம் என்னவென்றால், அயனி மிகச் சின்னது, ஆகவே அது ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் புகுந்து உட்காரும், அதற்கு அந்த முனை ஒரு பெரிய மைதானம். தசை செல் அதோடு ஒப்பிட்டால் பிரம்மாண்டம், அதற்குப் பள்ளம் மேடெல்லாம் தெரியாது, வெளி விளிம்பு மட்டும்தான் தெரியும், அதற்கு அது ஒரு சின்னப் புள்ளி. ஒரே பொருள், பார்க்கிறவரின் அளவைப் பொறுத்து ஒருவருக்குச் சின்னது, இன்னொருவருக்குப் பெரிது. முதன்முதலில் இது எனக்குப் புரிந்தபோது வேலையை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். லீட் நுனியில் ஸ்டீராய்டு வைத்திருக்கிறார்களே, அது இதற்கா என்று சிலர் கேட்பார்கள். இல்லை, அது திசு வீக்கத்தைக் குறைத்துத் தட்டுக்குத் தேவையான வோல்ட் ஏறாமல் பார்த்துக்கொள்வதற்கு.

இரண்டாவது வழி, அந்த எவர்சில்வர் தட்டின் மேல் உள்ளங்கையை வைத்த மாதிரி. அதாவது மின்தட்டு முடிந்த உடனே சர்க்யூட்டுக்குள் ஒரு ஸ்விட்சை மூடி, முனையையும் பெட்டியின் உலோக உடம்பையும் குறைந்த தடை வழியாக இணைத்துவிடுவது. குவிந்த மின்னூட்டம் வந்த வழியே திரும்பி ஓடும். இதை எல்லாக் கருவியும் எப்படியும் செய்தாக வேண்டும். ஏனென்றால் பெட்டிக்கும் முனைக்கும் நடுவில் வேண்டுமென்றே ஒரு கெபாசிட்டர் வைத்திருக்கிறார்கள், எந்தப் பழுது வந்தாலும் ஒரே திசையில் ஓடும் மின்சாரம் தொடர்ந்து இதயத்துக்குள் கசியாமல் இருக்க. ஒவ்வொரு தட்டிலும் அதுவும் ஏறிவிடும், அடுத்த தட்டுக்குள் அதைக் காலி செய்ய வேண்டும். போன மின்னூட்டமும் திரும்பி வந்த மின்னூட்டமும் சமமானால் உலோகம் அரிப்பதும் தவிரும்.

இந்த நடுக் கெபாசிட்டரைச் சிறிதாக்கினால் மொத்தமும் வேகமாக வடிந்துவிடும் என்பது ஒரு உத்தி. 10 மைக்ரோ ஃபாரடுக்குப் பதில் 2.2 வைத்தால் வடியும் நேரம் நன்றாகக் குறையும். ஆனால் சும்மா கிடைப்பதில்லை. 500 ஓமில் 0.4 மில்லிசெகண்ட் தட்டு முடியும்போது, பெரிய கெபாசிட்டரில் வோல்ட் ஆரம்பித்ததில் 92 சதவீதம் நிற்கும், சின்னதில் 70 சதவீதத்துக்கு இறங்கிவிடும். தட்டு போகப் போகத் தளர்கிறது. அதற்காக ஆரம்ப வோல்ட்டைக் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும்.

சரி, உள்ளங்கையை வைத்தும் ஏன் முழுக்க அடங்குவதில்லை? முனையில் இருப்பது கடையில் வாங்கும் சுத்தமான கெபாசிட்டர் இல்லை என்பதுதான் காரணம். அயனிகள் வரிசையில் மட்டும் நிற்பதில்லை, பக்கத்துத் திசுநீரில் அவற்றின் செறிவும் மாறியிருக்கும், அது பழைய நிலைக்குப் பரவித் திரும்ப நேரம் பிடிக்கும். வயலில் மேல் தண்ணீரை மடை திறந்து வடித்துவிடலாம், மண்ணில் ஊறினது கசிந்துகொண்டேதான் இருக்கும். ஸ்விட்சைத் திறந்த பிறகு முனையின் மின்னழுத்தம் மறுபடி மெதுவாக எழுந்து வருவது இதனால்தான். ஸ்விட்ச் மூடியிருக்கும் நேரத்தில் பெருக்கியால் எதையும் கேட்க முடியாது என்பதால் நீண்ட நேரம் அமுக்கிக்கொண்டிருக்கவும் வழியில்லை.

இதற்கு அடுத்த படி, வடிவதற்குக் காத்திராமல் எதிர்த்திசையில் ஒரு தட்டுக் கொடுத்துக் கூட்டத்தைக் கலைப்பது. சில வடிவமைப்புகளில் தட்டுக்கு முன்னால் கொஞ்சம் நேர்மின், நடுவில் உண்மையான எதிர்மின் தட்டு, பின்னால் மறுபடி கொஞ்சம் நேர்மின் என்று மூன்று பகுதியாகக் கொடுத்து மொத்தக் கணக்கைச் சுழியாக்குவார்கள். காகிதத்தில் மிகச் சரியாக இருக்கும். நடைமுறையில் ஒவ்வொரு முனைக்கும் அளவு வேறு, வாரங்கள் போகப் போக அதே முனைக்கும் மாறும், ஆகவே கருவி அடிக்கடி திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். எதிர்த் தட்டுக்கும் பேட்டரி செலவாகும், பேட்டரியை மிச்சம் பிடிக்கத்தானே இவ்வளவும்.

கேட்கும் பக்கத்திலும் சில சாமர்த்தியங்கள் உண்டு. நுனியாலும் பெட்டியாலும் தட்டிவிட்டுக் கேட்பதற்கு லீட்டில் சற்றுத் தள்ளி இருக்கும் வளையத்தையும் சேர்த்துக்கொள்வது ஒன்று. மிச்ச மின்னழுத்தம் வழுக்கலாக ஒரே சீராக இறங்கும், தசையின் பதில் சட்டென்று திரும்பும், அதனால் உயரத்தைப் பார்க்காமல் சரிவு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்ப்பது இன்னொன்று. தட்டிய பிறகு சுமார் 15 மில்லிசெகண்ட் காதைப் பொத்திக்கொண்டு, அப்புறம் ஒரு சின்ன ஜன்னலில் மட்டும் கேட்பதும் வழக்கம்.

இதெல்லாம் இருந்தும், இந்தக் குறிப்பிட்ட நோயாளியின் இந்த முனையில் எது மிச்சம், எது பதில் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டும் சேர்ந்தல்லவா வருகிறது. இதற்கு ஆட்டோகேப்சர் சோதனையில் செய்யும் தந்திரத்தைச் சொல்லியே ஆக வேண்டும். முதலில் நன்றாக பலிக்கக்கூடிய ஒரு தட்டுக் கொடுக்கிறார்கள். தசை சுருங்குகிறது. சுருங்கிய தசை அடுத்த இருநூறு மில்லிசெகண்டுக்கு மேல் எவ்வளவு தட்டினாலும் மறுபடி பதில் சொல்லாது, அது அதன் இயல்பு. அந்த இடைவெளிக்குள், நூறு மில்லிசெகண்ட் ஆவதற்குள், இன்னொரு தட்டு. இப்போது முனையில் எது தெரிந்தாலும் அது தசையின் பதிலாக இருக்க முடியாது, சுத்தமான மிச்ச மின்னழுத்தம் மட்டுமே. முதல் தட்டில் கிடைத்த அளவையும் இரண்டாவதில் கிடைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நடுவில் போதுமான இடைவெளி இருந்தால் மட்டும் அந்த வசதியை இயக்கலாம். இல்லையென்றால் அணைத்துவிட்டுப் பழையபடி இரண்டு மடங்கு வோல்ட்தான். இதயத்தின் ஒரு குணத்தையே அளவுகோலாக்கிய இந்த யோசனை எனக்கு எப்போதும் வியப்பு.

வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் இது எங்கே வந்து தொடும்? பெரும்பாலும் பெட்டி மாற்றும்போது. பேட்டரி தீர்ந்தால் பெட்டியைத்தான் மாற்றுவார்கள், லீட் நன்றாக வேலை செய்தால் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். பல ஆண்டுகளாகத் தசையோடு ஒட்டிப்போன லீட்டை இழுத்து எடுப்பது ஆபத்தான வேலை. அதனால் புத்தம் புது பெட்டி, பதினைந்து இருபது ஆண்டுப் பழைய முனை என்ற சேர்க்கை சாதாரணமாக நடக்கும். பெட்டியில் தானாகச் சரிபார்க்கும் வசதி இருந்தும் "உங்களுக்கு அதைப் போடவில்லை" என்று மருத்துவர் சொன்னால் பயப்பட வேண்டாம், கருவி பழுது என்று அர்த்தமில்லை. அந்தப் பழைய முனையில் மிச்ச மின்னழுத்தம் அதிகமாக இருக்கலாம், அல்லது தசையின் பதில் சிறியதாக இருக்கலாம், அதனால் கருவி ஏமாந்துவிடக் கூடாது என்று வோல்ட்டைக் கூடுதலாக நிலையாக வைத்திருக்கிறார்கள். "என் லீட்டில் போலரைசேஷன் எவ்வளவு?" என்று அடுத்த பரிசோதனையில் தாராளமாகக் கேளுங்கள், அந்தச் சோதனை செய்திருந்தால் எண் அவர்கள் திரையிலேயே இருக்கும்.